எண்பது ஏறட்டும்

வேண்டாம் சார், பிடுங்காதீர்கள். உங்கள் வண்டிக்கு இன்னும் பாதி சார்ஜ்கூட ஏறவில்லை. எனக்காக நடுவில் எடுத்தால் அது எனக்குத்தான் உறுத்தும். முறை என்றால் முறை. இன்னொரு மெஷின் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், அது போன மாதமே படுத்துவிட்டது. உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் சரியில்லை, இதில் உட்காருங்கள்.

அவசரம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. என் தங்கை பெண்ணுக்கு நாளைக் காலை கல்யாணம். இன்று சாயங்காலம் வீட்டில் நலங்கு. நலங்கில் முதல் மாலை தாய்மாமன் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். அந்தத் தாய்மாமன் நான்தான். ஒரே தாய்மாமன். வீடு எங்கே என்கிறீர்களா? இதோ தெரிகிறதே மேம்பாலம், அதற்குக் கீழே புகுந்து உள்ளே போனால், மக்காச்சோளக் கொல்லை முடிகிற இடத்தில் ஊர். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ரேடியோ செட் சத்தம்கூடக் கேட்கும். இப்போது கேட்கிறதா உங்களுக்கு? எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

தங்கை வீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவன் ஏன் இங்கே வந்து வரிசையில் நிற்கிறான் என்று யோசிக்கிறீர்கள். நியாயம்தான். வண்டி எடுத்து ஒரு மாதம் என்றீர்கள், உங்களுக்கும் வழியெல்லாம் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அதனால் சொல்கிறேன். பசித்தால் அவர்கள் வீட்டில் சாப்பிடுங்கள், தூக்கம் வந்தால் தூங்குங்கள். சார்ஜ் மட்டும் போடாதீர்கள். போட்டால் தங்கை அண்ணனை அண்ணா என்று கூப்பிடாமல் போய்விடுவாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் தங்கை செங்கமலம் என்னை அண்ணா என்று கூப்பிட்டு ஆறேழு மாதம் ஆகிறது. இன்றைக்கு எப்படியாவது அவள் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் கிளம்பி வந்திருக்கிறேன்.

இந்த ரோடு எனக்குப் புதிதில்லை. மருந்துக் கம்பெனியில் பையைத் தூக்கிக்கொண்டு இதில் அலைந்தவன். ரிட்டையர் ஆன பிறகும் ரோடு விடவில்லை, பெண்ணை மதுரையில் கொடுத்திருக்கிறேன். பேரன் பிறந்ததிலிருந்து மாதம் ஒரு தடவையாவது போய்விடுவேன். பெட்ரோல் வண்டி இருந்த காலத்தில் தாம்பரத்தில் காலை வைத்தால் மதுரையில்தான் எடுப்பேன். நடுவில் ஒரு டீ, அதுவும் பாடாலூர் தாண்டித்தான். தங்கை சில சமயம் போன் பண்ணுவாள். இந்தப் பக்கமாகப் போகிறீர்களாமே, அண்ணி சொன்னார்கள் என்பாள். ஆமாம்மா, தாண்டிவிட்டேனே என்பேன். தாண்டியிருப்பேன், பொய் இல்லை. ஒரு தடவை முருங்கைக்காய்க் கட்டோடு பாலத்துக்கு அடியில் வந்து நின்றிருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? அவள் கீழே நிற்கிறாள், நான் மேலே போகிறேன். அப்புறம் போனில் சொன்னேன், இப்படி வெயிலில் எல்லாம் வந்து நிற்காதே, உடம்புக்கு ஆகாது என்று. எங்கள் அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள், நான் சொல்லாமல் யார் சொல்வார்கள்?

பிறகு இந்த வண்டி வந்தது. முதல் பயணத்திலேயே மாட்டிக்கொண்டேன். இந்த ஸ்டேஷன் அப்போது இல்லை. போனில் காட்டிய வேறொரு இடத்தை நம்பி வந்தால், அங்கே கயிறு கட்டி மூடி வைத்திருக்கிறார்கள். திரையில் எட்டு சதவீதம். ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டரைப் பூ மாதிரி மிதித்துக்கொண்டு வந்தேன், லாரிக்காரன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறான். அப்போதுதான் தங்கை ஞாபகம் வந்தது. போன் போட்டேன்.

"கமலம், உங்க வீட்டுல பதினஞ்சு ஆம்பியர் பிளக் இருக்கா?"

"வாங்கண்ணா" என்றாள்.

அது இல்லம்மா, பெரிய பிளக், ஓட்டையெல்லாம் பெரிதாக இருக்கும் என்று விளக்கினேன். அவள் மறுபடியும் வாங்கண்ணா, எங்கே இருக்கீங்க, பாலத்துகிட்டயா என்கிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது அவளுக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நல்லவேளை, பெரிய பிளக் இருந்தது. கிரைண்டருக்கு. மாவு ஓடிக்கொண்டிருந்தது. பாதி மாவில் நிறுத்திவிட்டு என் ஒயரைச் செருகினாள். சமையலறை ஜன்னல் வழியாக வெளியே இழுத்து வண்டியில் மாட்டினோம். வீட்டு பிளக்கில் எவ்வளவு மெதுவாக ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். விடிய விடிய ஏறும். எனவே ராத்திரி அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது.

அன்றைக்குத் தெருவே வந்துவிட்டது சார் வண்டியைப் பார்க்க. அவள் போய் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறாள். "எங்க அண்ணன். மெட்ராஸ்ல இருக்காங்க. இன்னிக்கு இங்கதான் தங்குறாங்க." இதையே எல்லாரிடமும் சொல்கிறாள். நான்தான் எவ்வளவு தூரம் போகும், மழையில் ஷாக் அடிக்காது என்றெல்லாம் விளக்கம் சொன்னேன். அவள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்தீர்களா? புது வண்டி வாசலில் வந்து நிற்கிறது, பெருமையாக நாலு வார்த்தை பேசினால் என்ன?

பக்கத்துச் சுவர் அவளுடைய ஓர்ப்படியாள் வீடு. கணவரின் அண்ணன் மனைவி, அஞ்சலாட்சி என்று பெயர். அந்த அம்மாவுக்கு மூன்று அண்ணன்மார். பொங்கல், தீபாவளி, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் புல்லட்டில் வந்து இறங்கிவிடுவார்கள், கரும்பும் வெங்கலப் பானையுமாக. அன்றைக்கெல்லாம் நம்ம ஆள் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி. பார்ப்பாளாம். அவள் வீட்டுக்காரர் கலியபெருமாள்தான் சொன்னார். உரக்கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர். கமலத்துக்கு டி.வி. பைத்தியம் அதிகம்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. போகும்போது ஒரு ராத்திரி, வரும்போது ஒரு ராத்திரி. நான் வருகிற நாளில் வீட்டில் வேறு எதுவும் ஓடாது. மாவு முதல் நாளே அரைத்துவிடுவாள். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி வைத்துவிடுவாள். மாப்பிள்ளை கலியபெருமாளுக்கு ஃபேன் கிடையாது. ஃபேனும் ஓடினால் வோல்டேஜ் இறங்கும், வண்டி கரண்ட் வாங்க மாட்டேன் என்று நின்றுவிடும். அவர் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு துண்டால் விசிறிக்கொள்வார். போட்டுக்குங்க மாப்பிள்ளை, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று நானும் சொல்வேன்.

"இருக்கட்டும் மச்சான். உங்க வண்டி மொதல்ல பசியாறட்டும்" என்பார்.

அவருக்குக் கொஞ்சம் நக்கல் உண்டு. நான் கண்டுகொள்வதில்லை.

கோழி அடிப்பாள், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள். குழம்பை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். "அண்ணன் வந்திருக்காங்க, அதான்" என்று சொல்வது இங்கே வரைக்கும் கேட்கும். காலையில் நூறு காட்டியதும் நான் கிளம்பிவிடுவேன். காபி போட்டிருக்கேன் என்பாள், இட்லி வெந்துகொண்டிருக்கிறது என்பாள். ஒருநாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது இன்னும் மெதுவா ஏறக்கூடாதாண்ணா?" என்று கேட்டாள். இருப்பதிலேயே மெதுவாக ஏறுவது இதுதான் என்று நான் கிலோவாட் கணக்கெல்லாம் சொல்லி விளக்கினேன். தலையைத் தலையை ஆட்டினாள். ஒன்றும் புரிந்துகொண்ட மாதிரித் தெரியவில்லை.

ஒரு நிமிடம் சார், போன்.

...

மாப்பிள்ளைதான். எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே இருக்கீங்க என்பார். பாலத்துகிட்ட என்று சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் நான் எப்போதும் போன் பண்ணி ஒன்று கேட்டுக்கொள்வேன். கரண்ட் இருக்கா? கேட்காமல் எப்படிக் கிளம்புவது? இருக்குண்ணா, வாங்க என்பாள். ஒரு தடவை அப்படித்தான் சொன்னாள், நம்பி வந்தேன். வந்து பார்த்தால் ஊரே இருட்டடித்துக் கிடக்கிறது. இருட்டு என்றால், பட்டப்பகல்தான், கரண்ட் இல்லை என்கிறேன். மாதாமாதம் கம்பி வேலை செய்வதற்காக நிறுத்துவார்களே, அந்த நாள். முதல் நாளே தண்டோரா மாதிரி போனில் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

"இல்லேன்னு சொன்னா நீங்க வர மாட்டீங்களேண்ணா."

நீங்களே சொல்லுங்கள். பேட்டரி விஷயத்தில் இப்படி ஒரு பொய் சொல்லலாமா? நடுரோட்டில் நின்றிருந்தால் யார் பொறுப்பு? அதைத்தான் அவளிடமும் கேட்டேன். அவள் சிரித்தாள். கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. அதுவரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து எனக்கு விசிறிக்கொண்டு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கடைசியில் எதைச் சாப்பிடப் பிடித்திருந்தது, எங்கள் வீட்டு மாட்டுக்கு நான் வைத்த பெயர் என்ன, இப்படி. நான் போனில் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாமல் ஏறாது என்று தெரியும், ஆனாலும் கை அங்கேயே போகிறது, உங்களுக்கும் போகுமே. அப்போதுதான் தன் பெண் இலக்கியாவுக்கு ஒரு இடம் வந்திருப்பதைச் சொன்னாள். பெண்ணாடம் பக்கம், பையன் நெய்வேலியில் வேலை.

"தட்டு மாத்தும்போது நீங்கதாண்ணா உட்காரணும்."

தாய்மாமன் நான் உட்காராமல் வேறு யார் உட்காருவார்கள் என்றேன். அவள் சட்டென்று எழுந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "இலக்கியா, மாமா உட்காருறேன்னு சொல்லிட்டாங்க" என்றாள். இலக்கியா பக்கத்தில்தான் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சத்தம் எதற்கு?

அதற்கு அடுத்த மாதம் இந்த ஸ்டேஷன் திறந்தார்கள். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டேன். இனிமேல் உனக்குத் தொந்தரவு இல்லை, பாலத்துக்கிட்டேயே ஸ்டேஷன் வந்துவிட்டது, முக்கால் மணி நேரத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன், நீ நிம்மதியாக மாவு அரைக்கலாம் என்றேன். "சரிண்ணா" என்றாள். அப்புறம் போனை வைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கிரைண்டர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. நானே வைத்தேன்.

இரண்டு தடவை இங்கேயே ஏற்றிக்கொண்டு போனேன். யாருக்கும் சிரமம் இல்லை. அதோ அந்த ஓட்டலில் தோசை சுமாராக இருக்கும். அப்போது மாப்பிள்ளை போன் பண்ணினார். மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, தடியான ஒயராகப் போட்டு, வாசலில் உங்கள் வண்டிக்கென்றே ஒரு பிளக் வைத்திருக்கிறோம் மச்சான் என்றார். வெயில் படாமல் இருக்க மேலே தகரக் கொட்டகையும் போட்டாயிற்றாம். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே மாப்பிள்ளை என்றேன்.

"நானும் அதத்தான் சொன்னேன். உங்க தங்கச்சி ஒழுங்கா சோறு திங்கல, பிளக்கு வச்சாத்தான் ஆச்சுன்னு. என்னா பண்றது?"

பிடிவாதம். அப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு பிடிவாதம் இருந்தது. தேவைப்பட்டபோது கிரைண்டர் பிளக், தேவை முடிந்த பிறகு தனி லைன். என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஒரு தடவை போய் அதுல போட்டுட்டு வாங்களேன்" என்றாள். இவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நிச்சயதார்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். விடியற்காலையிலேயே கிளம்பினேன். ஒன்பது மணிக்கெல்லாம் பாலத்துக்கு வந்துவிட்டேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. திரையைப் பார்த்தால் பதினான்கு. நான் யோசித்தேன். விசேஷ வீடு. சீரியல் பல்பு, ரேடியோ செட், சமையல்காரன் கிரைண்டர், அத்தனையும் ஓடும். நடுவில் போய் நான் ஒயரை நீட்டினால் வோல்டேஜ் என்ன ஆகும்? பையன் வீட்டார் முன்னால் பல்பு மங்கினால் யாருக்கு அவமானம்? தங்கைக்குத்தானே? எனவே இங்கேயே அரை மணி நேரம் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று திருப்பினேன். அவளுக்காகத்தான்.

எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார். அவருக்கு முன்னால் ஒருவர்.

கமலம் போன் பண்ணினாள். பாலத்துகிட்ட வந்துட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "அண்ணா, கொட்டகையில வேற யாரையும் வண்டி உட உடல. நேரா உள்ள வந்து உட்ருங்க." இரும்மா, சார்ஜ் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

"இங்க இருக்குண்ணா."

தெரியும் தெரியும், அங்கே மெதுவாக ஏறும் என்றேன். அந்த நேரத்தில் என் முறை வந்துவிட்டது. முறை வந்த பிறகு விட்டுவிட்டுப் போனால் திரும்பவும் கடைசியில்தான் நிற்க வேண்டும், இல்லையா? மாட்டினேன். எண்பது ஏறட்டும் என்று இருந்தேன். எண்பதுக்கு மேல் அது நகராது, உங்களுக்கே தெரியும், அதனால் சரியாக எண்பதில் எடுத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை.

போய் இறங்கினேன். தட்டு மாற்றி முடித்து, கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் இடத்தில் அஞ்சலாட்சியின் பெரிய அண்ணன் உட்கார்ந்திருந்தார். ராகுகாலம் வருகிறதே, என்ன செய்வார்கள், யாரோ ஒருவர் உட்கார வேண்டியதுதான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஊர்க்காரர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? பையன் வீட்டுப் பெரியவர் ஒருவர் தாய்மாமன் எங்கே என்று கேட்டிருக்கிறார். வண்டிக்குக் கரண்ட் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அவர் சொன்னாராம், "மாட்டு வண்டியில வந்த காலத்துலயே மாட்டை அவுத்து நம்ம வாசல்லதான்யா தண்ணி காட்டுவாங்க. இவுரு ரோட்டுலயே காட்டிட்டு வர்றாரா?" பந்தலே சிரித்ததாம். இதைக் கலியபெருமாள் எனக்குச் சொல்லும்போது அவரும் சிரித்தார். அதைத்தான் சொன்னேன், அந்தச் சிரிப்பு.

கொட்டகை காலியாகத்தான் இருந்தது. அவ்வளவு கூட்டத்திலும் யாரும் வண்டி விடாதபடிக்கு இரண்டு நாற்காலியைக் குறுக்கே போட்டு வைத்திருந்தாள். சுவரில் புதுப் பெட்டி, அதற்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள். எனக்குத்தான் எண்பது இருந்ததே, அங்கே விட வேண்டிய அவசியம் இல்லை. வெளியே புளியமரத்தடியில் நிறுத்தினேன். வேறு யாருக்காவது உதவட்டும் என்று அந்த நாற்காலிகளை நானே எடுத்து ஓரமாகப் போட்டேன். கமலம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளே இலை போட்டாள், அவளே பரிமாறினாள். "சாப்புடுங்க" என்றாள். அவ்வளவுதான். சாப்பிடுங்கண்ணா இல்லை, சாப்புடுங்க. அப்போது எனக்குத் தட்டவில்லை. வேலை அலுப்பு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எப்போது போன் பண்ணினாலும் சொல்லுங்க, சரிங்க, வைக்கட்டுங்களா. மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன செய்வது? ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டே யோசிப்பேன், நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று. பாலம் வரும், போகும். ஒன்றும் பிடிபடாது.

போன மாதம் பத்திரிகை வைக்க இருவரும் மெட்ராஸ் வந்தார்கள். கூடத்தில் எங்கள் இருவரையும் கிழக்குப் பார்க்க நிற்க வைத்து, முறைப்படி தட்டை நீட்டினாள். குடும்பத்தோடு வந்து நடத்திக் கொடுங்கள் என்றாள். வெளியாட்களுக்குச் சொல்வது போல. என் மனைவி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் மோர் கொடு, பாயசம் கொடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மட்டும் குடித்தாள். கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே நின்ற என் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கார்ல வராதீங்க. பஸ்ல வாங்க."

ஏம்மா என்றேன்.

"பஸ்ல வந்து எறங்குனா, எங்க வீட்டுக்குன்னு வந்ததா இருக்கும்."

அப்போதுதான் சார் எனக்கு விஷயமே விளங்கியது. ஊரில் எவனோ சொல்லியிருக்கிறான், அண்ணன்காரன் கரண்டுக்காகத்தான் இவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான் என்று. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்து ஆட்களாகத்தான் இருக்கும். அதைக் கேட்டு இவள் உள்ளுக்குள் வெந்திருக்கிறாள். பாவம். சொல்லியிருக்கலாமே என்னிடம்? சரி, இதற்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பஸ்ஸில் வர முடியாது. சீர் சாமான் இருக்கிறது, மனைவி வேறு மதுரையில், பேரனுக்குக் காய்ச்சல், நாளைக் காலை நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவாள். காரில்தான் வர வேண்டும். ஆனால் எப்படி வர வேண்டும்? முழு சார்ஜோடு வர வேண்டும். அவள் வாசலில் போய் நிற்கும்போது திரையில் எண்பதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்தத் தடவை கொட்டகைக்குள்ளேயே கொண்டுபோய் விடப்போகிறேன். விட்டுவிட்டு அந்த பிளக்கைத் தொடக்கூட மாட்டேன். யாராவது கேட்டால் திரையைக் காட்டுவேன். இப்போது சொல்லு, நான் கரண்டுக்கா வந்தேன், என் தங்கைக்கா வந்தேன்? ஒருத்தன் வாய் திறக்க முடியாது. கமலமே பார்க்கட்டும். இப்போது புரிகிறதா, நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று? ஒன்பது சதவீதத்தோடு அந்த வாசலில் போய் எப்படி நிற்பேன்?

மறுபடியும் போன். இது இலக்கியா. இதை எடுத்துவிடுகிறேன், குழந்தை.

"சொல்லும்மா... பாலத்துகிட்ட வந்துட்டேன்... ஆமாம்மா, இங்கதான், இதோ... அம்மா எங்க? ... ஏன் வாசல்ல நிக்கிறா, உள்ள வேலை இல்லையா? ... யாரு? அவரு எதுக்கு மாலையை எடுக்கிறாரு? நான் வர்றேன்னு சொல்லு. கொஞ்ச நேரம். அங்க இருக்கிற பாட்டிங்ககிட்ட சொல்லு, தாய்மாமன் பாலத்துகிட்ட வந்துட்டாருன்னு சொல்லு. வச்சுடறேன்."

அவளை மனையில் உட்கார வைத்துவிட்டார்களாம், அங்கிருந்துதான் பேசினாள். விளக்கு வைப்பதற்குள் முதல் மாலை விழ வேண்டும் என்று கிழவிகள் அவசரப்படுகிறார்களாம். அஞ்சலாட்சியின் பெரிய அண்ணன் நான் வேண்டுமானால் போடட்டுமா என்று எழுந்தாராம். கமலம் வாசலுக்கு வந்து நின்றுவிட்டாளாம்.

இல்லை சார். உங்கள் வண்டியில் நான் வர முடியாது. நீங்கள் சொல்வது நல்ல எண்ணம்தான், ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவீர்கள், தெரியும். ஆனால் நான் இன்னொருத்தர் வண்டியில் போய் இறங்கினால், அண்ணன் வண்டி வழியில் நின்றுவிட்டது என்று அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். இத்தனை மாதம் அவள் பட்டது போதாதா? என் வண்டியிலேயே, நிறைந்த வண்டியிலேயே போகிறேன். உங்களுக்கு எழுபத்தொன்பது காட்டுகிறது பாருங்கள். இதோ ஆகிவிட்டது. எடுங்கள். அப்படியே என் வண்டியில் மாட்டுங்கள், நன்றாக அழுத்துங்கள், க்ளிக் என்று சத்தம் வரும். ஆங். ஏறுகிறது.

முக்கால் மணி நேரம் காட்டுகிறது.

முக்கால் மணி.

நீங்கள் சர்வீஸ் ரோட்டில்தானே திரும்பப்போகிறீர்கள்? தப்பாக நினைக்க மாட்டீர்களே? பின்னால் டிக்கியில் ஒரு கூடை இருக்கிறது, வாழையிலையில் சுற்றி. மாலைதான். காலையில் பூக்கடைக்காரனைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கட்ட வைத்தேன், சம்பங்கியும் பன்னீர் ரோஜாவும். இந்த வெயிலில் இன்னும் தாங்காது. இதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வேளை தவறக்கூடாது பாருங்கள். மாலை போய்விட்டால் நான் போன மாதிரிதான். ஏறினதும் பின்னாலேயே வந்துவிடுவேன்.

வழி கேட்கவே வேண்டாம். பாலத்துக்கு அடியில் புகுந்து நேராகப் போங்கள், சீரியல் பல்பு போட்ட வீடு ஒன்றுதான் இருக்கும். என் பெயரெல்லாம் சொல்ல வேண்டாம், தாய்மாமன் மாலை என்றால் போதும். வாசலில் ஒரு அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். உங்கள் வண்டியும் வெள்ளைதானே, வளைவில் திரும்பும்போதே நான்தான் என்று நினைத்துக்கொண்டு கொட்டகைக்குள் விடச் சொல்லிக் கையைக் காட்டுவாள். நிறுத்தி, இறங்கிச் சொல்லிவிடுங்கள் சார்.